மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க்: கோட்டைக்கு ஒரு வியாழக்கிழமை

புதன் இரவு, மியூனிக்

நாளைக்கு சால்ஸ்பர்க், அங்கே குன்றின் மேலிருக்கும் ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையைப் பார்க்க. ஆஸ்திரியாவில் இருக்கும் ஊர்தான், ஆனால் வியன்னாவைவிட மியூனிக்தான் அதற்குப் பக்கம். வியன்னாவிலிருந்து விரைவு ரயிலிலேயே இரண்டரை மணி நேரம் ஒட்டி ஆகிறது. இங்கிருந்து நின்று நின்று போகும் வட்டார ரயிலில்கூட இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம்.

டிக்கெட் வேலையை இன்றே முடித்துவிடுவது நல்லது. இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் பையர்ன் டிக்கெட்தான் மலிவு. முதல் ஆளுக்கு 30 யூரோ ஒட்டி, கூட வரும் ஒவ்வொருவருக்கும் 10 யூரோ ஒட்டி, ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போய் வரலாம். பவேரிய மாநிலத்துக்கான நாள் டிக்கெட் என்றாலும் எல்லை தாண்டி சால்ஸ்பர்க் பெரிய ஸ்டேஷன் வரை செல்லும். மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் நேரத்திலோ வண்டியிலோதான் மாட்டுகிறார்கள். வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் இது செல்லாது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். ரெயில்ஜெட், ஐசி, இசி போன்ற விரைவு வண்டிகளில் எப்போதுமே செல்லாது. அதே ஊருக்கு ஒன்றரை மணி நேரத்தில் போகிற வண்டி கண்ணெதிரே வந்து நின்றால் கால் தானாக ஏறிவிடும். பரிசோதகர் வந்தால் அபராதம் 60 யூரோ. பயணிகளின் பெயரையும் டிக்கெட்டில் எழுதியிருக்க வேண்டும். டாய்ச்லாண்ட் டிக்கெட் சந்தா வைத்திருப்பவர்களுக்கு 9 மணிக் கட்டுப்பாடு இல்லை, அதுவும் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை செல்லும், விரைவு வண்டியில் மட்டும் ஏற முடியாது.

பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும், போகும்போது யாரும் கேட்பதுகூட அபூர்வம். திரும்பும்போதுதான் ஜெர்மன் போலீஸ் எல்லையோர ஊரான ஃப்ரைலாசிங்கில் ஏறும். ஜெர்மனியில் படிப்பவர்கள் குடியிருப்பு அட்டையையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். போனில் இருக்கும் படத்தைக் காட்டி வாதாடும் இடம் அதுவல்ல.

மழைக்கோட்டு கட்டாயம். ஆல்ப்ஸ் மலையின் வடக்கு ஓரத்தில் இருப்பதால் வடமேற்கிலிருந்து வரும் மேகமெல்லாம் இந்த ஊரின் மேல் வந்து முட்டி நிற்கும். ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர், அதிலும் கோடை மாதங்களில்தான் அதிகம். ஜூலை என்றால் வெயில் என்று நம்பிப் பருத்திச் சட்டையோடு போகிறவர்கள் நனைந்துதான் திரும்புகிறார்கள்.

வியாழன், ரயில்

மியூனிக் ஸ்டேஷனில் 5 முதல் 10 வரையுள்ள பிளாட்பாரங்கள் பெரிய கூடத்தில் இல்லை. தெற்கே ஒதுங்கி, தனி ஸ்டேஷன் போல இருக்கின்றன. சால்ஸ்பர்க் வட்டார ரயில் அங்கிருந்து கிளம்பும் என்று பலகை காட்டினால் கூடுதலாக ஐந்து நிமிட நடை இருக்கிறது. ஏறும் முன் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊரைப் படியுங்கள். சில வண்டிகள் ரோசன்ஹைமில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி சால்ஸ்பர்க்குக்கும் மறு பாதி குஃப்ஸ்டைனுக்கும் போகும். குஃப்ஸ்டைனும் ஆஸ்திரியாதான், அங்கேயும் ஒரு கோட்டை இருக்கிறது, ஆனால் இன்றைக்கு வேண்டியது அதுவல்ல.

ரோசன்ஹைம் தாண்டியதும் இடப்பக்கம் கீம்ஸே ஏரி, வலப்பக்கம் மலைத்தொடர். எது வேண்டுமோ அந்தப் பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மேகமூட்டமான நாளில் ஏரிப் பக்கமே மேல். ஃப்ரைலாசிங் கடைசி ஜெர்மன் நிறுத்தம். அடுத்து வரும் சாலாக் என்ற சின்ன ஆறுதான் எல்லை.

சந்தை, தோட்டம், பாலம்

ஸ்டேஷனிலிருந்து பழைய நகரத்துக்கு 20 நிமிட நடை. டிராலிபஸ் உண்டு, ரத்ஹவுஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். டிக்கெட்டை டிரைவரிடம் வாங்கினால் விலை கூடுதல், இயந்திரத்திலோ டிராஃபிக் என்ற புகையிலைக் கடையிலோ முன்கூட்டி வாங்கலாம். பையர்ன் டிக்கெட் நகரப் பேருந்தில் செல்லாது. போகும்போது நடந்துவிடுவதே சரி, வழியில் பார்க்க இருக்கிறது.

வியாழக்கிழமையாகப் பார்த்து வருவதற்கு ஒரே காரணம் மிராபெல் சதுக்கத்து ஷ்ரானன் சந்தை. வாரம் ஒரு நாள், வியாழன் காலை மட்டும். சுற்றுவட்டார விவசாயிகள் பாலாடைக்கட்டி, ரை தானிய ரொட்டி, பழம், ஊறுகாய் எல்லாம் கொண்டுவருவார்கள். மதியம் ஆனதும் கடையைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள், அதனால் 11 மணிக்கு வந்து இறங்குபவர்கள் முதலில் இங்கே வர வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள் மதியச் சாப்பாட்டை இங்கேயே கட்டிக்கொள்வது நல்லது. ஓட்டல்களில் சைவம் போலத் தெரியும் காஸ்பிரெஸ்க்னோடல் சூப்பில் உருண்டை பாலாடைக்கட்டிதான், ஆனால் அது மிதக்கும் சாறு பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்தது. கேட்காமல் வாங்காதீர்கள். காஸ்னோக்கன் என்று வாணலியோடு வருவது மாவுத் துணுக்கும் பாலாடைக்கட்டியும் வறுத்த வெங்காயமும். முட்டை கலந்த மாவு, அது மட்டும் சம்மதமா பார்த்துக்கொள்ளுங்கள்.

மிராபெல் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. 1606-ல் பேராயர் வுல்ஃப் டீட்ரிஷ் தன் துணைவி சலோமே ஆல்ட்டுக்காகக் கட்டிய மாளிகையின் தோட்டம் இது. திருமணம் செய்துகொள்ளக் கூடாத பேராயருக்கு அவர் மூலம் பல பிள்ளைகள். தோட்டத்தின் வடக்குப் படிக்கட்டில் நின்றால் பூப்பாத்திகளும் கதீட்ரல் கோபுரங்களும் கோட்டையும் ஒரே நேர்கோட்டில் விழும். ஊரின் புகழ்பெற்ற படம் அதுதான். 1964-ல் இங்கே எடுத்த ஹாலிவுட் இசைப்படத்தின் ரசிகர்கள் அந்தப் படிகளில் ஏறி இறங்கிப் பாடிக்கொண்டிருப்பார்கள், கொஞ்சம் பொறுத்திருந்தால் படி காலியாகும்.

மகார்ட் நடைபாலத்தில் சால்சாக் ஆற்றைக் கடந்ததும் கெட்ரைடகாஸ்ஸே. கடைக்குக் கடை இரும்பில் வளைத்த தொங்கு பலகை, குறுகலான தெரு, நெரிசல். 9-ம் எண் மஞ்சள் வீட்டில் 1756 ஜனவரி 27-ல் மோட்சார்ட் பிறந்தார். ஒரே நாள் இருப்பவர்கள் உள்ளே போக வேண்டியதில்லை என்பது என் கட்சி: அறைகள் சிறியவை, கூட்டம் பெரியது, அந்த ஒரு மணி நேரம் கோட்டைக்குத் தேவைப்படும். சங்கீதக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். 33-ம் எண்ணுக்குள் நுழையும் சந்தில் 1950 முதல் இருக்கும் பொஸ்னா கடை. பல்கேரியாவிலிருந்து வந்த ஒருவர் தொடங்கியது. ரொட்டிக்குள் இரண்டு மெல்லிய பன்றி சாசேஜ், வெங்காயம், பார்ஸ்லி, மேலே கறிப்பொடி. இந்தத் தெருவில் இப்படி வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும் சந்துகள் பல உண்டு. கூட்டம் தாங்கவில்லை என்றால் ஏதாவது ஒன்றில் நுழையுங்கள், பல்கலைக்கழகச் சதுக்கத்தின் காய்கறிச் சந்தைப் பக்கமோ ஆற்றங்கரைப் பக்கமோ கொண்டுபோய் விடும்.

பாறைக்குக் கீழே

கோட்டைக்கு ஏறும் முன் அதன் அடிவாரத்தைப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் நேராக விஞ்ச் (கம்பிவட ரயில்) வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். மேலே போய்ப் படம் எடுத்து, காபி குடித்து, இறங்கி வந்துவிடுகிறார்கள். இந்த ஊரைப் பாறையும் தண்ணீரும் எப்படி ஆட்டிவைத்தன என்று தெரியாமல் ஏறினால் கோட்டை வெறும் வெள்ளை மதிலாகத்தான் தெரியும்.

பழைய நகரம் ஆற்றுக்கும் மோன்க்ஸ்பெர்க் குன்றுக்கும் நடுவே நெருக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குன்று கூழாங்கல்லும் சரளையும் இறுகி உண்டான பாறை. நீர் புகுந்து உறைந்து உருகினால் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். 1669 ஜூலையில் ஒரு இரவு பாறை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. இடிபாட்டில் தேடப் போனவர்கள் மேல் மறுபடியும் சரிந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்றைக்கும் நகராட்சியில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறை முகத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். பொத்தலாக ஒலிக்கும் துண்டைக் கடப்பாரையால் பெயர்த்துக் கீழே தள்ளிவிடுவார்கள். அந்த வேலை நடக்கும் நாளில் அடிவாரத் தெருவை அடைத்துவிடுவார்கள். சண்டை போடாமல் சுற்றிக்கொண்டு போங்கள்.

புனித பேதுரு மடம் 696-ல் தொடங்கியது. அதன் கல்லறைத் தோட்டம் பாறையோடு ஒட்டியிருக்கிறது. மோட்சார்ட்டின் அக்கா நான்னர்லும், இசையமைப்பாளர் மிகாயேல் ஹைடனும் இங்கேதான் அடக்கம். பாறைக்குள் குடைந்த கேட்டகோம் அறைகளுக்குத் தனிக் கட்டணம். படிகள் செங்குத்து, தாழ்வு, முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

கல்லறைத் தோட்டத்தின் கதீட்ரல் பக்க வாசலருகே மடத்தின் பேக்கரி. வெளியே தண்ணீர்ச் சக்கரம் சுழலும், உள்ளே விறகடுப்பில் புளிப்பு மாவு ரொட்டி. ஞாயிறு கடை கிடையாது, சனிக்கிழமை மதியத்தோடு சரி. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய ரொட்டி இரண்டு பேருக்குத் தாராளம்.

அந்தச் சக்கரத்தைச் சுற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் சுவாரஸ்யம். குன்றுக்குத் தெற்கே ஓடும் ஆற்றிலிருந்து ஆல்ம் கால்வாய் வருகிறது. நடுவே குன்று மறித்ததால் 1137-க்கும் 1143-க்கும் இடையே மடத்தாரும் கதீட்ரலாரும் சேர்ந்து அதன் வயிற்றைக் குடைந்து சுமார் 400 மீட்டர் சுரங்கம் போட்டார்கள். வெடிமருந்து இல்லாத காலம், உளியும் சுத்தியும்தான். குடிக்க, மில் ஓட்ட, தீயணைக்க, தெருக் கழுவ எல்லாம் அந்தத் தண்ணீர். கால்வாய் இன்றும் ஓடுகிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் சில வாரம் தண்ணீரை நிறுத்திப் பராமரிப்பு செய்வார்கள். அப்போது மட்டும் ரப்பர் பூட்ஸும் டார்ச்சுமாகச் சுரங்கத்துக்குள் நடத்தி அழைத்துப் போகிறார்கள். முன்பதிவு வேண்டும். குனிந்துதான் நடக்க முடியும், உயரமானவர்களுக்குத் தலையில் புடைப்பு நிச்சயம்.

கதீட்ரலை விரைவாகப் பார்க்கலாம். வாசல் கம்பிக் கதவுகளில் 774, 1628, 1959 என்று மூன்று ஆண்டுகள்: முதல் கோயில், இன்றைய கோயில், போருக்குப் பிந்தைய மறுதிறப்பு. 1944 அக்டோபரில் விழுந்த குண்டு குவிமாடத்தைப் பெயர்த்துவிட்டது. மோட்சார்ட்டுக்குப் பெயர் சூட்டிய 1321-ம் ஆண்டு வெண்கலத் தொட்டி நுழைந்ததும் இடப்பக்கம். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு இப்போது கட்டணம் உண்டு. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய விழாக்காலம். 1920 முதல் கதீட்ரல் வாசலிலேயே நாடகம் போடுகிறார்கள். அந்த வாரங்களில் சதுக்கம் முழுக்க இருக்கை மேடை, படமெடுக்க இடம் இருக்காது. ஓட்டல் விலையும் எகிறிவிடும் என்பதால் விழாக்காலத்தில் ஒரு நாள் வந்து போவதே புத்திசாலித்தனம்.

ஏறுவது

கதீட்ரலுக்குப் பின்னால் தங்க உருண்டையின் மேல் ஒரு மனிதன் நிற்கும் கபிடெல் சதுக்கம். அங்கிருந்து இரண்டு வழி. பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு முதல் வழி பழக்கமானதுதான்: 1892-ல் வந்த கம்பிவட ரயில், பத்து நிமிடத்துக்கு ஒன்று, ஒரு நிமிடத்தில் மேலே. தொடக்கத்தில் மோட்டார் கிடையாது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள், எடை கூடி அது இறங்கும்போது கீழ்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும், கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இப்போது மின்சாரம். இரண்டாவது வழி நடை: ஃபெஸ்டுங்ஸ்காஸ்ஸே தெரு வழியாக 15–20 நிமிடம். தூரம் கொஞ்சம்தான், சரிவுதான் கடுமை; கல் பாவிய பாதை ஈரத்தில் வழுக்கும், குளிர்காலத்தில் பனி உறைந்தால் ஏறாதீர்கள்.

காலை பத்தரையிலிருந்து மதியம் இரண்டு வரை விஞ்ச் வரிசை நீளம். அந்த நேரத்தில் நடந்து ஏறுவதே பல சமயம் வேகம், டிக்கெட்டும் மலிவு. நடந்து போவதில் இன்னொரு லாபம், வாயில்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போவீர்கள். எதிரி எந்த இடத்தில் நின்று அடி வாங்கியிருப்பான் என்று பார்த்தாலே புரியும்: பாதை திரும்பும் இடமெல்லாம் மேலே ஒரு துளை அதை நோக்கியிருக்கும். விஞ்ச்சில் போனால் இதெல்லாம் கிடையாது. தள்ளுவண்டிக் குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால் யோசிக்காமல் விஞ்ச்.

டிக்கெட் வாங்கும்போது அரச அறைகள் சேர்ந்த டிக்கெட்டா என்று கேட்டு வாங்குங்கள். குறைந்த விலை டிக்கெட்டில் அவை சேராது. மேலே போய்த்தான் தெரியவரும், கோட்டையில் பார்க்க வேண்டிய முதல் இடமே அதுதான். 24 மணி நேர சால்ஸ்பர்க் கார்டு 30 யூரோ ஒட்டி, பருவத்துக்கு ஏற்ப மாறும். கோட்டை, விஞ்ச், பேருந்து, இன்னும் ஒரு அருங்காட்சியகம் என்று போனால் கட்டுப்படியாகும். கோட்டை மட்டும் போதும், மற்றபடி நடைதான் என்றால் வேண்டாம். கோடையில் காலை 8.30-லிருந்து, குளிர்காலத்தில் 9.30-லிருந்து திறந்திருக்கும். மாலையில் வெளிவாசலுக்கு முன்பே உள் அறைகளை மூடிவிடுவார்கள், அதனால் அறைகள் முதலில், மதில் மேல் நடை பிறகு.

மேலே

1077-ல் பேராயர் கெப்ஹார்ட் தொடங்கினார். போப்புக்கும் ஜெர்மன் அரசன் நான்காம் ஹென்றிக்கும் இடையே யார் பிஷப்பை நியமிப்பது என்ற சண்டை. கெப்ஹார்ட் போப்பின் பக்கம், அரசன் படை வரும் என்ற பயம். முதலில் மர வேலியும் ஒரு கோபுரமும். இப்போது காணும் 250 மீட்டர் நீள, 150 மீட்டர் அகலக் கோட்டை பல பேராயர்கள் கட்டிக் கட்டிச் சேர்த்தது. பணம் எங்கிருந்து வந்தது? ஹாலைன் உப்புச் சுரங்கமும் தெற்கு மலைகளின் தங்கமும். பேராயர் என்றால் குருவும் அவரே, அரசரும் அவரே. 1803 வரை இது தனி நாடு, 1816-ல்தான் ஆஸ்திரியாவோடு நிலையாகச் சேர்ந்தது.

மதில் எங்கும் ஒரு முள்ளங்கியைக் காண்பீர்கள். 1495 முதல் 1519 வரை ஆண்ட லியோன்ஹார்ட் ஃபோன் கொய்ட்ஷாக்கின் குலச் சின்னம் அது, உண்மையில் டர்னிப் கிழங்கு. கட்டியது எதுவானாலும் கிழங்கைப் பதித்துவிட்டார், கோட்டையில் 50-க்கு மேல் இருக்கின்றன. குழந்தைகளோடு போனால் எண்ணச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அரச அறைகளும் அவர் கட்டியவை. பொன் கூடத்தின் வலப்பக்கம் அட்நெட் ஊரின் சிவப்பு மார்பிளில் நான்கு தூண். மேலே குழித்த மரக் கூரை, ஒவ்வொரு குழியிலும் பொன் குமிழ், இரவு வான நட்சத்திரம் என்று கணக்கு. அதைத் தாங்கும் உத்தரம் ஒன்று, 17 மீட்டர் நீளம், பேரரசின் சின்னமும் நகரங்களின் சின்னங்களும் நடுவே நம் கிழங்குமாக. அடுத்த பொன் அறையில் 1501-ம் ஆண்டுச் சுடுமண் அடுப்பு, சிங்கங்கள் சுமக்கின்றன. ஓடுகளில் பழம், பூ, வேதாகமக் காட்சி, ஒரு மூலையில் பேராயரின் முகம்கூட உண்டு. கூட்டம் அடுப்பின் முன் பக்கத்தோடு நின்றுவிடும். பக்கவாட்டு ஓடுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள், வேலைப்பாடு அங்கே குறையவே இல்லை. படுக்கை அறையின் பலகைச் சுவரில் ஒரு கதவு, திறந்தால் கழிப்பறை. மரச்சட்டத்தில் ஒரு துளை, அவ்வளவுதான், கீழே பாறைச் சரிவு. 1500-ல் அது ஆடம்பரம்.

இந்தக் குன்றின் மேல் எல்லாவற்றுக்கும் மேலான பிரச்சினை தண்ணீர். முற்றத்தில் பெரிய லிண்டன் மரத்துக்கு அருகே 1539-ம் ஆண்டு நீர்த்தொட்டி. கூரையிலிருந்து இறங்கும் மழையைச் சேமிப்பதுதான் வழி. தலைக்கு மேல் ஓயாமல் பெய்யும் ஊர் என்பதால் கட்டுப்படியானது. கூரைகளின் சரிவையும் தகரக் குழாய்களையும் பின்தொடர்ந்து பாருங்கள், எல்லாம் உட்பக்கமாகவே ஓடும். 1525-ல் விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்து பேராயர் மத்தேயுஸ் லாங்கை இங்கே முற்றுகையிட்டார்கள். சில மாதம் ஆகியும் உள்ளே நுழைய முடியவில்லை. இந்தக் கோட்டை முற்றுகையைக் கண்டது அந்த ஒரு முறைதான். உள்ளே கடைசி மாடு மட்டும் மிஞ்சியபோது தினம் ஒரு வண்ணம் அடித்து மதில் மேல் நடத்திக் காட்டி ஏமாற்றினார்கள் என்பது கதை, கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுப் படை வந்தபோது சண்டையே இல்லாமல் ஒப்படைத்துவிட்டார்கள். மிராபெல் கட்டிய வுல்ஃப் டீட்ரிஷ், உப்புத் தகராறில் பவேரியாவிடம் தோற்றுப் பதவியிழந்து, தன் சொந்த உறவினரின் கைதியாக 1617-ல் இங்கேயே இறந்தார்.

காட்சிக்கு இரண்டு இடம். வடக்கே குவென்பர்க் கொத்தளம்: நகரம், ஆறு, கதீட்ரல். மதியத்துக்கு மேல் வெயில் முதுகில் இருப்பதால் படம் நன்றாக விழும். ஆடியோ வழிகாட்டியோடு போகும் சுற்றில் உச்சிக் கோபுரம் உண்டு; அங்கே தெற்கு திறக்கும், 1,972 மீட்டர் உன்டர்ஸ்பெர்க் எதிரில் நிற்கும். சுற்றில் சித்திரவதை அறை என்று ஒன்றைக் காட்டுவார்கள். அங்கே சித்திரவதை எதுவும் நடக்கவில்லை, கருவிகளைப் போட்டுவைத்த அறை.

கயிறு

இந்தக் கோட்டையில் எனக்கு மிகவும் பிடித்ததற்கு டிக்கெட்டே கிடையாது, ஏறவும் முடியாது. நோன்பெர்க் கன்னியர் மடத்தருகேயிருந்து கோட்டைக்குச் சரக்கு ஏற்றும் ரைஸ்சூக். 1500 ஒட்டிப் போட்ட தடம், 1515-ல் எழுத்தில் வருகிறது. இன்றும் ஓடும் கம்பிவடத் தடங்களில் மிகப் பழையது இதுதான் என்று சொல்கிறார்கள். நீளம் சுமார் 190 மீட்டர், சரிவு 65 சதவீதத்துக்கு மேல். முன்பு மரத் தண்டவாளம், சணல் வடம். மேலிருந்து மனிதரும் மிருகங்களும் இழுத்தார்கள். இப்போது இரும்புத் தண்டவாளம், எஃகு வடம், மின் மோட்டார், ஆனால் தடம் மாறவில்லை. அடுத்தடுத்த மதில்களைத் துளைத்துக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு மதிலிலும் அடைக்கக்கூடிய கதவு. எதிரி வந்தால் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளலாம். கல், சுண்ணாம்பு, தானியம் எல்லாம் இப்படித்தான் மேலே போனது, இன்றைக்கும் இதில் சரக்குதான் போகிறது, ஆள் ஏறுவதில்லை. கோட்டையிலிருந்து நோன்பெர்க் பக்கமாக நடந்து இறங்கினால் அந்தத் தடத்தைக் காணலாம். அதனால்தான் சொல்வது: ஏறும்போது எந்த வழியானாலும் சரி, இறங்குவது நோன்பெர்க் வழியாக. 714 ஒட்டித் தொடங்கிய அந்த மடம் ஒருநாளும் மூடப்படாமல் நடக்கிறது. வளாகத்தில் பேசாமல் நடக்க வேண்டும்.

மாலை ஆறு மணி

இறங்கி, ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்பாவது ரெசிடென்ஸ் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். கோபுரத்தில் 35 மணிகள், ஆன்ட்வெர்ப்பிலிருந்து வாங்கி வந்து 1704-ல் ஒலிக்கத் தொடங்கியவை. தினமும் 7, 11, 18 மணிக்கு. சில மணிகள் சுருதி விலகித்தான் ஒலிக்கும், அது பழுதல்ல. அது முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். கோட்டையிலிருந்து பதில் வரும்: 1502-ல் வைத்த குழல் இசைக்கருவி, 200-க்கு மேல் குழாய்கள். முள் பதித்த உருளை சுழன்று வாசிக்கிறது, முதலிலும் முடிவிலும் எஃப், ஏ, சி என்ற மேற்கத்திய சுரங்கள் சேர்ந்த ஒரே முழக்கம். ஊரார் அதைக் காளை என்கிறார்கள். கேட்டால் ஏன் என்று தெரியும். மோட்சார்ட்டின் அப்பா லியோபோல்டும் இசையமைப்பாளர் எபர்லினும் மாதத்துக்கு ஒன்றாக 12 துண்டுகள் அதற்கு எழுதினார்கள். குருத்தோலை ஞாயிறிலிருந்து அக்டோபர் 31 வரை மட்டுமே முழங்கும், குளிர்காலத்தில் மணிகளோடு சரி.

பிறகு நேரமிருந்தால் முல்ன் பகுதியில் 1621-லிருந்து இருக்கும் அகஸ்டினர் மதுக்கூடம், 15 நிமிட நடை. அலமாரியில் கல் குவளையை எடுத்து, காசு கட்டி, குழாயில் கழுவி, பீப்பாய்க்காரரிடம் நீட்ட வேண்டும். மேசைக்கு வந்து யாரும் கேட்பதில்லை. குடிக்காதவர்களும் உணவுக் கடைகளுக்காகப் போகலாம். பக்கத்திலேயே முல்ன்-ஆல்ட்ஸ்டாட் என்ற சிறு நிறுத்தம். எஸ்-பான் என்ற உள்ளூர் ரயிலைப் பிடித்து ஃப்ரைலாசிங் போய் மாறினால் பெரிய ஸ்டேஷனுக்குத் திரும்பி நடக்க வேண்டியதில்லை.

நோக்கர்ல் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்கள் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். முட்டை வெள்ளைக்கருவை நுரைத்து, மூன்று குன்று போலக் குவித்துச் சுடுவது. ஆர்டர் கொடுத்தபின் 20 நிமிடமாவது ஆகும், மேசைக்கு வந்த சில நிமிடத்தில் அமுங்கிவிடும். இரண்டு பேருக்கு ஒன்று போதும். ரயிலுக்கு அரை மணி இருக்கும்போது கேட்காதீர்கள்.

வெள்ளி காலை, மியூனிக்

நேற்றைய பதிவில் விட்டுப்போனவை.

திரும்பும் வண்டி ஃப்ரைலாசிங்கில் சோதனைக்காக நின்றது. பத்து இருபது நிமிடம் சாதாரணம்; மியூனிக்கில் இன்னொரு ரயில் மாற வேண்டியவர்கள் கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தியதைப் பிடியுங்கள். பையர்ன் டிக்கெட் அதிகாலை 3 மணி வரை செல்லும் என்பதால் டிக்கெட்டுக்குக் குறையில்லை.

மோட்சார்ட்குகல் என்ற சாக்லேட் உருண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரெங்கும் சிவப்பு-தங்கத் தாளில் இருப்பவை ஆலைத் தயாரிப்பு, மியூனிக் கடைகளிலும் கிடைக்கும். 1890-ல் இதை முதலில் செய்த பவுல் ஃபுர்ஸ்ட்டின் கடை பழைய நகரத்தில் பிராட்காஸ்ஸேயில் இருக்கிறது. வெள்ளி-நீலத் தாள் அவர்களுடையது. பிஸ்தா மார்சிபான் உருண்டையை நூகாவில் பொதிந்து, குச்சியில் குத்தி, கருஞ்சாக்லேட்டில் முக்கி எடுப்பார்கள். குச்சியை உருவியபின் அந்தத் துளையைச் சாக்லேட்டாலேயே அடைப்பார்கள். இன்றும் கைவேலைதான், அதனால் விலை கூடுதல். ஊருக்குக் கொண்டுபோக வாங்குபவர்கள் ரயில் ஏறுவதற்கு முன் கடைசியாக வாங்குங்கள். கோட்டை ஏறி இறங்கும் பையில் வெயிலில் வைத்திருந்தால் உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். விமானத்தில் கைப்பையில் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகிறவர்களுக்கு: ஊரில் கடைகள் மூடல், பல்கலைக்கழகச் சதுக்கச் சந்தையும் கிடையாது. தண்ணீர் பாட்டிலை மட்டும் காசு கொடுத்து வாங்காதீர்கள், பொது நீர்க்குழாயில் வருவது மலை நீர், அப்படியே குடிக்கலாம். கழிப்பறைக்கு 50 சென்ட் நாணயம் இரண்டு மூன்று பையில் இருக்கட்டும்.